வேஸ்டேஜ்: நில்

ஹோட்டலுக்குள் நுழைந்ததும் நீங்கள் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? பெரும்பாலும் காலி டேபிளை. சிக்கனமானவர்கள் விலைப் பட்டியலை. என் மனைவி, பக்கத்து டேபிள்காரர் இலையில் என்ன இருக்கிறது என்பதை. நான் பார்ப்பது டேபிள் துடைக்கிற துணியை!

அந்தத் துணி எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, கடைசியாகத் தண்ணீரைப் பார்த்தது எப்போது என்று அதன் பின்னாலேயே என் கண் போகும். பிறகு சப்ளையரின் நகம். பிறகு சட்னி வாளியின் விளிம்பு. சமையல்கட்டுக் கதவு ஒவ்வொரு தடவை திறந்து மூடும்போதும் அந்த அரை செகண்டில் உள்ளே ஒரு எட்டு பார்த்துவிடுவேன்.

"என்னங்க, சாப்பிட வந்தீங்களா, ரெய்டுக்கு வந்தீங்களா?" என்பாள் மனைவி.

ஆறு வயசுப் பெண்ணுக்கும் இது ஒட்டிக்கொண்டுவிட்டது. சமீபத்தில் ஒரு கல்யாணப் பந்தியில், "அப்பா, அந்த மாமா மூக்கைத் தேய்ச்சுட்டு அதே கையால அப்பளம் வைக்கிறாரு" என்று எட்டு இலைக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். ஏழு பேர் அப்பளம் வேண்டாம் என்றார்கள். எட்டாவது ஆளுக்குக் காது கேட்காது.

இந்த வியாதி எங்களுக்குப் பரம்பரை இல்லை. மாமாவின் மெஸ்ஸில் எனக்குத் தொற்றியது.

2010-ல் பி.காம். முடித்தேன். செகண்ட் கிளாஸ். அடுத்த ஒரு வருஷம் வீட்டில் ஃபேன் காற்றைத் தீர்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துப் பார்த்து அலுத்துப்போன அம்மா, தன் அண்ணனுக்கு ஒரு போன் போட்டாள். 2011 ஜூனில், காவிரிக்கரை ஊர் ஒன்றில், காலேஜுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவில் இருந்த மாமாவின் மெஸ்ஸில், கல்லாவில் உட்கார வைக்கப்பட்டேன்.

மெஸ்ஸில் மூன்று போர்டுகள். 'டோக்கன் வாங்கிவிட்டு உட்காரவும்.' 'சுத்தம் சோறு போடும்.' சமையல்கட்டு வாசலில், 'அந்நியர் உள்ளே வரக்கூடாது.' இந்த மூன்றாவது போர்டை எல்லாரும் மதித்தார்கள், எலிகளைத் தவிர. அவற்றுக்குப் படிக்கத் தெரியாது என்பது ஒரு காரணம். அவை அந்நியர் இல்லை என்பது இன்னொரு காரணம். மாமா வருவதற்கு முன்பிருந்தே அந்தக் கட்டடத்தில் குடியிருந்தவை.

துணி விஷயத்துக்கு வருகிறேன். மெஸ்ஸில் இருந்தது ஒரே துணி. காலையில் டேபிள் துடைக்கும். பத்து மணிக்குக் கிரைண்டரில் வழிந்த மாவைத் துடைக்கும். மத்தியானம் சூடான குண்டானை இறக்கப் பிடிதுணியாகும். மூன்று மணிக்கு மாஸ்டரின் கழுத்து வேர்வையைத் துடைக்கும். சாயங்காலம் தோசைக்கல் பக்கம் உலர்ந்துகொண்டிருக்கும். கவர்ன்மென்ட் ஆபீசில்கூட ஒரே ஆள் இத்தனை வேலை பார்த்து நான் பார்த்ததில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு மாமாவைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். பத்து வயசில் ஒரு கிளப்புக் கடையில் எச்சில் இலை எடுக்கப் போனவர். பசி என்றால் என்ன என்பதைப் புஸ்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவர் இல்லை. டோக்கன் காசு இல்லாமல் விழிக்கிற காலேஜ் பையனைப் பார்த்தால், "போடா, போய் உக்காரு, மாசக் கடைசியில பாத்துக்கலாம்" என்பார். அந்த மாசக் கடைசி வராமலே டிகிரி வாங்கிக்கொண்டு போனவர்கள் உண்டு. அவர் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கறார். "சோத்தைக் கொட்டாதே. நீ சோத்தைக் கொட்டினா, சோறு உன்னைக் கொட்டிடும்."

இங்கேதான் என் பி.காம். மூக்கை நுழைத்தது.

படித்த படிப்பைக் காட்ட வேண்டாமா? பழைய நீள நோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, பத்து காலம் போட்டுப் புது நோட்டு ஆரம்பித்தேன். அரிசி, பருப்பு, எண்ணெய், கேஸ் என்று போய், கடைசிக் காலத்துக்கு 'வேஸ்டேஜ்' என்று தலைப்பு. காஸ்ட் அக்கவுண்ட்ஸில் 'நார்மல் லாஸ்' என்று ஒரு பாடம் வரும். எந்த உற்பத்தியிலும் கொஞ்சம் வீணாகியே தீரும், வீணாகவில்லை என்றால் எங்கேயோ தப்பு இருக்கிறது என்று அர்த்தம். பரீட்சையில் அதற்கு நான் பத்துக்கு ஒன்பது வாங்கினேன்.

ஜூன் மாசம் வேஸ்டேஜ்: நில். ஜூலை: நில். ஆகஸ்ட்: நில்.

"படிச்ச புள்ள உக்காந்ததும் வேஸ்டே இல்ல பாத்தியா!" என்று அத்தையிடம் பெருமைப்பட்டார் மாமா. எனக்கும் குளுகுளுவென்றுதான் இருந்தது. பத்துக்கு ஒன்பது வாங்கின பாடம் சட்டென்று மறந்துபோய்விட்டது.

ஒரு நாள் மாஸ்டரிடம் கேட்டேன். "ஏன் மாஸ்டர், பூரி சுட்ட எண்ணெயைக் கொட்டறதே இல்லையா?"

"எண்ணெய் எங்க தம்பி தீருது? பழசு குறையக் குறையப் புதுசை மேல ஊத்திக்கிட்டே போவேன். தயிருக்கு உறை ஊத்தற மாதிரி."

"ராத்திரி மிஞ்சின சோறு?"

"காலைல லெமன் சாதம்."

"சாம்பார் மிஞ்சினா?"

"நாளைக்கு சாம்பாருக்கு அதான் அஸ்திவாரம்."

"சட்னி?"

"அது மட்டும் மிஞ்சாது தம்பி. கூட்டத்தைப் பாத்துத் தண்ணி ஊத்திக் கணக்கைச் சரி பண்ணிடுவேன்."

சிரித்துவிட்டு வந்து கல்லாவில் உட்கார்ந்தேன். இன்று நினைத்தால் அந்தச் சிரிப்புதான் உறுத்துகிறது.

வடித்த சோறு ராத்திரி முழுக்க மூடின அண்டாவில் இருந்தால் என்ன ஆகும் என்று அப்போது எனக்குத் தெரியாது. அரிசியிலேயே ஒட்டிக்கொண்டு வருகிற பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி உண்டு. கொதிக்கிற உலையிலும் அதன் விதை சாகாது. சோறு வெதுவெதுப்பாக இருக்கிறவரை உட்கார்ந்து பெருகும், விஷத்தைக் கக்கும். காலையில் எண்ணெயில் தாளித்துச் சுடச்சுடக் கிளறினாலும் அந்த விஷம் போகாது. சமைத்த சாப்பாட்டை ஒன்று 60 டிகிரிக்கு மேல் சூடாக வை, இல்லை 5 டிகிரிக்குக் கீழே குளிர வை, நடுவில் வைக்காதே என்பதுதான் உலகத்துச் சமையல்கட்டுகளுக்கெல்லாம் பொது விதி. எங்கள் மெஸ்ஸில் எல்லாமே நடுவில்தான் இருந்தது.

அப்படியானால் இன்ஸ்பெக்‌ஷன் என்று ஒன்று கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு. யாரோ வரப்போகிறார்கள் என்ற செய்தி அவர்களுக்கு முன்னால் வந்துவிடும். மூணாவது தெரு பேக்கரியிலிருந்து ஜூஸ் கடைக்கு, ஜூஸ் கடையிலிருந்து டீக்கடைக்கு, டீக்கடைப் பையன் மூலமாக எங்களுக்கு. அடுத்த கால் மணியில் தரை அலம்பி, கோலம் போடாத குறையாக நிற்கும் மெஸ். எலிகளுக்குக்கூடத் தகவல் போய்விடுமோ என்னவோ, ஒன்றைக் காணமுடியாது.

அதுவரை நாட்டில் நடந்தது 1954-ம் வருஷத்துக் கலப்படத் தடுப்புச் சட்டம். பாலில் தண்ணீர் இருக்கிறதா, மிளகில் பப்பாளி விதை இருக்கிறதா என்பதில்தான் அதற்குக் கண். 2006-ல் போட்ட உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2011 ஆகஸ்ட் 5-ம் தேதி நடைமுறைக்கு வந்தது. பண்டத்தோடு நிற்காமல் சமையல்கட்டுக்கே வந்துவிட்டது சட்டம். தண்ணீர்த் தொட்டி, சாக்கடை மூடி, குப்பைத் தொட்டி, சமைக்கிறவர் கை எல்லாவற்றுக்கும் விதி.

"சட்டத்துக்குப் பேர் மாத்தினா சாம்பார் ருசி மாறிடுமா?" என்றார் மாமா.

2012 பிப்ரவரியில் அது நடந்தது. முதல் வருஷம் படிக்கிற பையன் ஒருவன், மாசட் டோக்கன் ஆசாமி, காலையில் லெமன் சாதம் சாப்பிட்டுவிட்டுப் போனவன், பத்து மணிக்குக் கிளாஸ் ரூமிலேயே வாந்தி எடுத்து விழுந்திருக்கிறான். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ். ஊரிலிருந்து அப்பா வந்தார். பிழைத்துவிட்டான். எதனால் என்று யாரும் டெஸ்ட் எடுக்கவில்லை. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, 'காலையில என்ன சாப்பிட்டே?'

மூன்றாம் நாள் அந்த அப்பா மெஸ்ஸுக்கு வந்தார். மாமா அப்போது மார்க்கெட்டில். நான் சண்டைக்குத் தயாராகி, மனசுக்குள் நாலு பதில் அடுக்கி வைத்துக்கொண்டேன். அவர் சண்டை போடவில்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து, சட்டைப் பையிலிருந்து டோக்கன்களை எடுத்துக் கல்லா மேஜையில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார்.

"பதினொண்ணு மிச்சம் இருக்கு தம்பி."

"காசைத் திருப்பிக் குடுத்துடறேங்க..."

"காசு வேண்டாம். பையனை இனிமே இங்க அனுப்பல. சொல்லாம நின்னுட்டா நல்லா இருக்காதுல்ல, அதான்."

அவ்வளவுதான். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அந்தப் பதினொரு டோக்கனுக்கு எந்தக் காலத்தில் வரவு வைப்பது? பி.காமில் சொல்லித் தரவில்லை.

மாமாவிடம் சொன்னேன். "பசங்க கண்ட இடத்துல பானிபூரி திங்கறானுங்க, பழி நம்ம மேலயா?" என்றார். நேருக்கு நேர் 'இல்லை மாமா, நம்ம சோறுதான்' என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவர் போட்ட சோறு, அவர் கொடுத்த வேலை. அன்றைக்கு ராத்திரி 50 பைசாத் தபால் கார்டு ஒன்றில், உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு எழுதினேன். பேர் போடவில்லை. மொட்டைக் கடுதாசி! மெஸ்ஸின் பேரைப் போட்டு, ஒன்பது மாசமாக அங்கே வேஸ்டேஜ் நில் என்றும், தயவுசெய்து வந்து பார்க்கவும் என்றும் எழுதி, பக்கத்துத் தெருப் பெட்டியில் போட்டேன். கை நடுங்கியது.

பத்து நாள் கழித்து, காலை பதினொரு மணிக்கு ஒரு அம்மா வந்தார்கள். பேக்கரிக்காரருக்குத் தெரியாது, ஜூஸ் கடைக்குத் தெரியாது, டீக்கடைப் பையனுக்குத் தெரியாது. அடையாள அட்டையைக் காட்டிவிட்டு, ஹாலில் உட்காராமல் நேரே சமையல்கட்டுக்குள் போனார்கள். மூன்றாவது போர்டைப் பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது.

"டேய், மேடத்துக்கு டிகிரி காபி!" என்று மாமா குரல் கொடுத்தார்.

"வேண்டாங்க. சமைக்கிறவங்க கை கழுவ சோப்பு எங்க இருக்கு?"

மாமா மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் கிளீனரைப் பார்த்தார். கிளீனர் துணியைப் பார்த்தான்.

அப்புறம் வரிசையாகக் கேள்விகள். வேலையாட்களுக்கு மெடிக்கல் சர்ட்டிபிகேட்? டைபாய்டு ஊசி போட்டாச்சா? தண்ணீர்த் தொட்டி கழுவிய தேதி? காய் நறுக்குகிற பலகை ஏன் தரையில் இருக்கிறது? பையிலிருந்து ஒரு தெர்மாமீட்டரை எடுத்து சாம்பார் அண்டாவில் விட்டார்கள். சாம்பாருக்கு ஜுரம் பார்த்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். 48 டிகிரி. "அறுபதுக்கு மேல இருக்கணும்" என்று எழுதிக்கொண்டார்கள்.

பூரி எண்ணெயைச் சாம்பிள் எடுத்து, முன்னாலேயே நாலு பங்காகப் பிரித்து சீல் வைத்தார்கள். பழைய சட்டத்தில் மூணு பங்கு, இதில் நாலு. ஒன்று ஆய்வகத்துக்கு, இரண்டு மேலதிகாரியிடம் பத்திரமாக, நாலாவது நாம் கேட்டால் அங்கீகாரம் பெற்ற இன்னொரு ஆய்வகத்துக்கு. எல்லாம் முடிந்ததும் பர்ஸைத் திறந்து எண்ணெய்க்குக் காசு கொடுத்தார்கள். மாமா பதறிவிட்டார். "சட்டப்படி விலை குடுத்துத்தான் எடுக்கணும்" என்றார்கள். முப்பது வருஷத்தில் மாமா அப்படி ஒரு காசை வாங்கினதில்லை. கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் சாமி படத்துக்குக் கீழே வைத்தார்.

"கணக்கு நோட்டு வேணும். வேஸ்டேஜ் காலம்" என்றார்கள் அந்த அம்மா.

கொடுத்தேன். புரட்டினார்கள். "யார் எழுதறது?"

"நான்தான் மேடம்."

"என்ன படிச்சிருக்கீங்க?"

"பி.காம்."

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார்கள். அதட்டலாகக்கூட இல்லை. அந்தப் பையனின் அப்பா டோக்கன் அடுக்கின மாதிரியே அமைதியாக.

மூலையில் மூடியிருந்த அண்டாவில் முதல் நாள் சோறு. திறந்து பார்த்து, மறுபடி உபயோகிக்க முடியாதபடி அதில் பினாயில் ஊற்றச் சொன்னார்கள். கிளீனர் ஊற்றினான். வெள்ளைச் சோற்றில் அந்த வாடை எழும்பியபோது, மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அறுபது வயசு மனுஷர். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"சோத்துல பினாயில் ஊத்தறீங்களேம்மா..."

அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்கள்: "ஐயா, நீங்க காசுக்காக இதை வெக்கலன்னு தெரியுது. மிஞ்சாம இருக்கணும்னா குறைச்சு வடிங்க. ஒரே தடவையா வடிக்காம ரெண்டு தடவையா வடிங்க. அப்படியும் மிஞ்சினா மத்தியானமே, சூடு இருக்கறப்பவே குடுத்துடுங்க. பெரியாஸ்பத்திரி வாசல்ல எத்தனை பேர் உக்காந்திருக்காங்க."

32-ம் பிரிவின்படி திருத்த நோட்டீஸ். சரிசெய்ய 14 நாளுக்குக் குறையாமல் அவகாசம் தர வேண்டும். செய்யாவிட்டால் லைசென்ஸுக்கு ஆபத்து. சுகாதாரம் இல்லாமல் சமைத்ததற்கு ஒரு லட்சம் வரை அபராதம் போடச் சட்டத்தில் இடம் உண்டு. நோட்டீஸில் இருந்தவை பதினேழு. மாமா அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

அடுத்த மூன்று நாள் ஒரே விசாரணை. புகார் பண்ணினவன் யார்? எதிர்ப்பக்கத்து மெஸ்காரர்தான் என்று முடிவாயிற்று. பாவம், அவர் எப்போதும்போல "என்னண்ணே, சௌக்கியமா?" என்று கேட்டதற்கு மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் என்ன தோன்றியதோ, மாமாவே தெருவைத் தாண்டிப் போய் அவரிடம் பேசிவிட்டு வந்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

பதினான்கு நாளில் மெஸ் மாறியது. சுண்ணாம்பு அடித்தோம். வலை அடித்தோம். சோப்பு வந்தது. துணிகள் ஐந்தாயின. டேபிளுக்கு ஒன்று, பாத்திரத்துக்கு ஒன்று என்று தனித்தனி. ('எனக்கு ஒண்ணு?' என்றார் மாஸ்டர். அவருக்கும் ஒன்று.) எலிகள் மட்டும் கொஞ்சம் இழுத்தடித்தன.

கடைசி நாள் ராத்திரி, கடை கட்டின பிறகு மாமா என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"ஏண்டா மாப்ளே, இந்த ஊர்ல எவனுக்காவது வேஸ்டேஜ்னு ஒரு காலம் இருக்கறது தெரியுமா?"

எனக்கு மூச்சு நின்றுவிட்டது.

"அந்தம்மா வந்ததும் வராததுமா அதைத்தான் கேட்டுச்சு. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். நாலு நாளாச்சு."

"மாமா..."

"அந்தப் பையனோட அப்பன் வந்துட்டுப் போனதை மாஸ்டர் சொன்னான். பதினோரு டோக்கனாமே." கொஞ்சம் சும்மா இருந்தார். "இனிமே என்னவா இருந்தாலும் நேர்ல சொல்லு. அம்பது பைசா மிச்சம்."

எழுந்து விளக்கை அணைக்கப் போய்விட்டார். அப்புறம் அதைப் பற்றிப் பேசினதே இல்லை.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. 2022 மே மாசம் கேரளாவில் ஷவர்மா சாப்பிட்டு 16 வயசு மாணவி ஒருத்தி இறந்தாள். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் 14 வயசுச் சிறுமி. மறுநாளே மாநிலம் பூராவும் சோதனை, கிலோ கிலோவாக இறைச்சி பறிமுதல், பத்திரிகையில் போட்டோ. ரெய்டு என்பது நம்மூரில் இழவுக்குப் பிறகு வருகிற சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டது. அழுதுவிட்டு, பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ஊருக்குப் போய்விடும்.

லாஸ் ஏஞ்சல்ஸில் 1997-ல் ஒரு டி.வி.காரர்கள் ரகசியக் கேமராவை வைத்து ஹோட்டல் சமையல்கட்டுகளைக் காட்டினார்கள். ஊரே கொதித்தது. 1998-லிருந்து ஒவ்வொரு ஹோட்டலும் இன்ஸ்பெக்‌ஷனில் வாங்கின ஏ, பி, சி கிரேடை வாசலிலேயே மாட்ட வேண்டும் என்று ஆயிற்று. நியூயார்க்கில் 2010-ல் அதே ஏற்பாடு. நம் பிள்ளைகளின் ரேங்க் கார்டைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கிற மாதிரிதான். மானத்துக்குப் பயந்தாவது பாத்திரம் கழுவுவார்கள். இங்கேயும் உணவுப் பாதுகாப்பு ஆணையம் சுகாதார ரேட்டிங் திட்டம் ஒன்று வைத்திருக்கிறது. மாட்டியிருக்கிற கடை தென்பட்டால் நான் நின்று ஒரு காபியாவது சாப்பிட்டுவிட்டுத்தான் போவேன்.

நம் கையிலும் கொஞ்சம் இருக்கிறது, சார். கடையில் 14 இலக்க லைசென்ஸ் அல்லது பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். 2022 ஜனவரியிலிருந்து பில்லிலும் அது இருக்க வேண்டும். நாம் வாங்கின பண்டத்தில் சந்தேகம் இருந்தால், கட்டணம் கட்டி நாமே ஆய்வுக்குக் கொடுக்கலாம், 40-ம் பிரிவு இடம் தருகிறது. இதெல்லாம் வேண்டாம் என்றால், "கை கழுவறது எங்கே?" என்று கேட்கிற சாக்கில் சமையல்கட்டை ஒரு தரம் எட்டிப் பாருங்கள். செலவே இல்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். மெஸ்ஸை இப்போது மாமா பையன் பார்க்கிறான். சமையல்கட்டுச் சுவரை இடித்துக் கண்ணாடி போட்டுவிட்டான். மூன்றாவது போர்டைக் காணோம். பூரி எண்ணெயைக் கருவி வைத்துப் பார்க்கிறான். 2018 ஜூலையிலிருந்து எண்ணெயின் கெட்டுப்போன அம்சம் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எடுத்து வைத்துவிடுகிறான், பயோ டீசல் பண்ணுகிறவர்கள் வந்து விலைக்கு வாங்கிப் போகிறார்கள்.

மாமா கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சரியாக இரண்டரை மணிக்கு, மீந்த சோறும் சாம்பாரும் ஆவி பறக்க ஒரு தூக்கில் ஏறி, பெரியாஸ்பத்திரிப் பக்கம் போயிற்று. போகும்போது மூடியைத் திறந்து புறங்கையை ஆவியில் காட்டிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார்.

பழக்க தோஷம், நோட்டை எடுத்துப் புரட்டினேன். கடைசிக் காலத்தில் 'வேஸ்டேஜ்: எண்ணெய் 9 லிட்டர்' என்று எழுதியிருந்தது.

மாமா என்னைப் பார்த்தார். "என்னடா மாப்ளே, கணக்கு சரியா இருக்கா?"

"ரொம்ப சரியா இருக்கு மாமா" என்றேன், நேரிலேயே.